சோழர் கால உடை என்று எதைச் சொல்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இராசராச சோழனின் பிறந்த நாளான ஐப்பசிச் சதயம் நெருங்கினால் பள்ளி, கல்லூரி மேடைகளில் குந்தவையும் செம்பியன் மாதேவியும் வந்து நிற்பார்கள். மறுநாள் நாளிதழ்களில் படம் வரும். படத்தின் அடியில் 'சோழர் கால உடையில் மாணவியர்' என்று ஒரு வரி இருக்கும். படத்தில் இருப்பது அகலச் சரிகைக் கரை போட்ட பட்டுப்புடவை, முழங்கை வரை தைத்த ரவிக்கை, சிவப்புக் கெம்புக்கல் நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, நீளச் சடை, சடையில் செண்டுமல்லிச் சரம். இவற்றில் ஒன்றுகூட 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ப் பெண்ணின் உடையென்று நாம் பார்க்கக்கூடிய சான்றுகளில் இல்லை. செண்டுமல்லி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் வந்த பிறகே அது நம் மண்ணுக்கு வந்தது.

இதைச் சொன்னவுடன் எழும் கேள்வியை அறிவோம். "அப்படியானால் சிற்பத்தில் இருப்பதுபோல் பிள்ளைகளை மேடையேற்றச் சொல்கிறீர்களா?" இல்லை. அப்படி யாரும் செய்யக் கூடாது. மேடையில் நிற்பது இன்றைய பெண், பெரும்பாலும் பதினெட்டு வயது நிரம்பாத பெண். அவள் கூச்சமின்றி நிற்பதும் பெற்றோர் மனம் கோணாமல் பார்ப்பதும் முதல் தேவை. எங்கள் குறை வேறு. மறைப்பதற்காகச் சேர்த்த துணியைச் 'சோழர் கால உடை' என்று சொல்லிவிடுகிறோம். பார்க்கிற குழந்தைகள் அதையே வரலாறென்று எடுத்துக்கொள்கிறார்கள். மறைப்பையும் நேர்மையையும் ஒரே உடையில் கொண்டுவர முடியும். அதற்கான வழி அந்தக் காலத்துக் கச்சிலும் (மார்பில் கட்டும் துணிப்பட்டை) நகையிலுமே இருக்கிறது. நாடக உடை தைப்பவர்களும் சிற்பம், கல்வெட்டுப் படிப்பவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் சான்றுகள். 1010ஐ ஒட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள் நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் கதை, ஆடும் பெண்கள், தில்லைக் கூத்தனை வணங்கும் அரச குடும்பத்தார் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். பெண்களின் இடுப்புக்குக் கீழே கோடும் பூவும் இட்ட மெல்லிய துணி. மேலே பெரும்பாலும் நகைகள்தாம். கும்பகோணம் நாகேசுவரர் கோயில் கருவறைச் சுவரில் ஏறத்தாழ ஆளளவில் நிற்கும் பெண் சிற்பங்களிலும், 12ஆம் நூற்றாண்டின் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் சிறு சிற்பங்களிலும் இடுப்பில் தொடங்கிக் கணுக்காலை நோக்கி இறங்கும் ஆடையும் பெரிய கொண்டையும் தெரிகின்றன. செப்புத் திருமேனிகளில் துணி, கால்மேல் ஓடும் மெல்லிய கீறல் கோடுகளாக மட்டுமே இருக்கிறது.

ஆனால் சிற்பத்தைப் புகைப்படம்போல் படிக்கக் கூடாது. கால் வடிவம் தெரிய வேண்டும் என்பது சிற்பியின் மரபு. துணி இரண்டு காலிலும் தனித்தனியாக ஒட்டியிருப்பதாகக் காட்டுவதைப் பார்த்துப் பலர் இறுக்கமான கால்சட்டை தைத்துப் போட்டு, முன்னே ஒரு விசிறி மடிப்பை வைத்துவிடுகிறார்கள். அது 20ஆம் நூற்றாண்டுப் பரதநாட்டிய உடையின் சாயல். மெல்லிய பருத்தியைச் சுற்றிக் கட்டிய தோற்றம் அதில் வராது. இன்னொன்று: திருமேனிகள் அன்றும் வெறும் உலோகமாக மட்டும் வழிபடப்படவில்லை. திருப்பரிவட்டம் என்னும் ஆடையைச் சாத்துவதற்குக் கொடுத்த கொடைகள் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. தெய்வ வடிவத்தின் திறந்த மார்பைத் தெருவில் நடந்த பெண்ணின் உடை என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதே சமயம், 'நம் பெண்கள் எக்காலமும் கழுத்து முதல் கால் வரை மூடியிருந்தார்கள்' என்று சொல்வதற்கும் இடமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரனே இல்லை, அரசன் முதல் ஏழை வரை ஆணும் பெண்ணும் ஒரு துணியோடு இருக்கிறார்கள் என்று எழுதினார். வெளியூர்க்காரரின் மிகை அதில் உண்டு. புகாரின் கடைத்தெருவை வருணிக்கும் சிலப்பதிகாரம் துணி தைக்கும் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. தையல் தெரியாத நாடல்ல இது. ஆனாலும் இந்த வெப்பத்தில் தைக்காத துணியே பொது உடை என்பதைச் சிற்பமும் பயணியின் குறிப்பும் சேர்ந்தே சொல்கின்றன. மேலுடம்பு திறந்திருப்பது அன்று வெட்கமாக எண்ணப்பட்டதற்கு அந்தக் கலையில் அடையாளமில்லை.

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலாடை எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைத் தந்ததில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், திருவிதாங்கூர் ஆட்சியில், தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். மூடாமல் இருந்ததை 'இயற்கையான எளிமை' என்று புகழ்ந்து பேசுகிறவர்கள் அந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது. உடை அமைப்பாளர் ஒரு பெண்ணிடம் "அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று சொல்லித் துணியைக் குறைக்கும்போது எங்களுக்கு இதுவே நினைவுக்கு வருகிறது. வரலாறு ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தும் கருவியாகக் கூடாது.

இனி வழி. சான்றுகளிலேயே ஒரு மேலணி தெளிவாக இருக்கிறது: கச்சு. திருமால் திருமேனிகளின் இருபுறமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவி மார்பில் ஒரு பட்டை கட்டியிருப்பாள், பூதேவிக்கு அது இருக்காது. இருவரையும் பிரித்தறிய அதுவே அடையாளம். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் போரிடும் துர்க்கைக்கும் கச்சு உண்டு. அது பல்லவர் காலம். ஆகவே சோழர் கால நாடகத்தில் எல்லாப் பெண்களுக்கும் கச்சு கட்டினால் அது புதிதாகப் புகுத்தியதாகாது; இருந்த ஒன்றை எல்லாருக்கும் விரித்ததாகும். சிற்பத்துக் கச்சு குறுகலானது. மேடைக்கு அதை அகலமாக்குகிறோம். இந்த ஒரு மாற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் ரவிக்கையே தேவையில்லை.

கச்சுக்குத் துணி எடுக்கும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சாட்டின், ஆர்ட் சில்க், பாலியஸ்டர் எல்லாம் வழுக்கும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரண்டாவது பாட்டுக்குள் இறங்கிவிடும். கஞ்சி போடாத கைத்தறிப் பருத்தியே உடம்பைப் பிடித்து நிற்கும். மார்புச் சுற்றளவு 80 செ.மீ. என்றால் நீளம் 2.2 மீட்டர்: இரண்டு சுற்றுக்கு 160, முடிச்சுக்கும் தொங்கலுக்கும் 60. அகலம் 50 செ.மீ. எடுத்து நீளவாக்கில் இரண்டாக மடித்து ஓரம் தைத்தால் 24 செ.மீ. இரட்டைத் துணி கிடைக்கும். ஒற்றைத் துணியாக விட்டால் வியர்வையில் நனைந்ததும் உள்ளே இருப்பது தெரியும். முதுகில் உண்மையான முடிச்சுப் போட்டால் நாற்காலியில் சாயும்போது உறுத்தும், அவிழவும் செய்யும். ஆகவே முதுகில் நான்கு கொக்கிகள் வைத்து மூடி, அதன்மேல் பொய் முடிச்சு ஒன்றைத் தைத்துவிடுவது நல்லது. மேல் விளிம்பின் உட்புறம் 1 செ.மீ. அகல எலாஸ்டிக்கை இழுக்காமல் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் விளிம்பு சுருங்கி, பார்க்க நவீன உள்ளாடைபோல் ஆகிவிடும்.

கச்சுக்கு அடியில் உடல்நிற உள்சட்டை. இது வரலாற்றில் இல்லாதது, இன்றைய தேவைக்காக நாம் சேர்ப்பது. கடையில் கிடைக்கும் 'ஸ்கின் கலர்' நைலான் சட்டை பெரும்பாலான நம் பெண்களின் நிறத்தைவிட வெளிறியது. மேடை விளக்கில் பளபளத்து, தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தெரியும். நம் பிள்ளைகளின் நிறம் சோழர் ஓவியத்துப் பெண்களின் நிறம்தான். அதை வெளுப்பாக்கிக் காட்ட ஒரு காரணமும் இல்லை. பருத்தி லைக்ரா கலந்த வெளிர் நிறச் சட்டையை வாங்கி ஒவ்வொரு பெண்ணின் நிறத்துக்கும் சாயமேற்றுங்கள். 250 கிராம் துணிக்கு 30 கிராம் படிகாரத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு எடுங்கள். 40 கிராம் தேயிலைத் தூளை 2 லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் துணியை அதில் போட வேண்டும். கொதிக்கும் சாறில் போட்டால் லைக்ரா தளர்ந்து சட்டை தொய்ந்துபோகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஈரத்தில் நிறம் ஒரு படி கூடுதலாகத் தெரியும், காய்ந்தபின் வெளிறும். அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஏற விடுங்கள். இன்னும் கருமை வேண்டுமானால் இரும்பு உப்பான அன்னபேதியைச் சிட்டிகையளவு கரைத்துச் சேர்க்கலாம். கூடிவிட்டால் நிறம் சாம்பலாகத் திரும்பும், பிறகு மீட்க முடியாது. துண்டுத் துணியில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உள்சட்டையின் விளிம்புகள்தாம் மேடையில் காட்டிக்கொடுக்கும். அவற்றை மறைக்க அந்தக் காலத்து நகைகளே போதும். கழுத்து விளிம்பைக் காறைக்கு அடியில் கொண்டுபோங்கள். காறை கழுத்தின் அடியை ஒட்டிக் கிடக்கும் நகை. கை விளிம்பு மேல்கையின் நடுவில் முடியட்டும், அதன்மேல் தோள்வளை. சோழர் பெண் வடிவங்களில் தோள்வளை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கச்சுக்கும் கீழாடைக்கும் நடுவே தெரியும் பகுதியை உள்சட்டை மூடும். அதன் கீழ் விளிம்பு ஆடைக்குள் போய்விடும். சிற்பத்தில் ஆடை தொப்புளுக்குக் கீழே இடுப்பெலும்பில் நிற்கிறது. மேடைக்கு அதை ஒரு சாண் ஏற்றிக் கட்டுவதால் தோற்றம் கெடுவதில்லை. இடுப்பணியான மேகலை மட்டும் இடுப்பெலும்பில் கிடந்தால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

கச்சையும் உள்சட்டையையும் நான்கு இடங்களில், இரண்டு அக்குள் பக்கமும் முதுகில் இரண்டு இடத்திலும், தளர்ந்த நூலால் தையல் போட்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும். இறுக்கித் தைத்தால் கை தூக்கும்போது துணி கிழியும். ஊக்கு மட்டும் குத்தி அனுப்புவது ஆபத்து: பருத்தியில் ஓட்டை விழும், ஆட்டத்தில் திறந்தால் உடம்பில் குத்தும்.

கீழாடை தைக்காத துணி. இன்றைய ஐந்தரை மீட்டர் புடவை வேண்டாம். 4 மீட்டர் போதும். அகலம் ஏற்றிக் கட்டிய இடத்திலிருந்து கணுக்கால் வரை வர வேண்டும், 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு மீட்டர் சரியாக இருக்கும். துணியை வாங்கியதும் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். வெளுக்காத கோரா கைத்தறி 4 மீட்டரில் 20 செ.மீ. வரை சுருங்கும். சாயமோ அச்சோ போட்டபின் சுருங்கினால் கோடுகள் கோணிவிடும். கட்டும் முறை இது: முதலில் இடுப்பில் பருத்திக் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். துணியை இடப் பக்கத்திலிருந்து ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து அரை மீட்டர் மேலே போர்த்துங்கள். இதில் ஒன்றரை மீட்டர் போய்விடும். அடுத்த 2 மீட்டரை 10 செ.மீ. ஆழமுள்ள பத்துக் கொசுவமாக அடுக்கிக் கயிற்றுக்குள் செருகுங்கள். மிஞ்சும் அரை மீட்டர் முந்தி இடுப்போரம் தொங்கலாக விழட்டும். மேல் விளிம்பைக் கயிற்றின்மேல் இரண்டு விரலளவு மடித்துவிட்டால் இறங்காது. கொசுவம் பத்துக்கு மேல் போனால் முன்புறம் கனத்து, நடக்கும்போது ஆடை முன்னே இழுக்கும்.

துணி நயமாக இருக்க வேண்டும், ஆனால் மறைக்கவும் வேண்டும். மெல்லிய மல் துணிதான் கால்மேல் அழகாக விழும். ஆனால் பின்னாலிருந்து விளக்கு அடித்தால் அது கண்ணாடியாகிவிடும். ஒத்திகை பகல் வெளிச்சத்தில் நடப்பதால் இது கடைசி நாள்வரை தெரிவதில்லை. உள்ளே அதே நிறத்தில் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பருத்திக் கால்சட்டையும், மல்லுக்கு அடியில் சற்றுக் கனத்த பருத்தித் துணி ஒரு சுற்றும் கட்டுங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். சலவையில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, வெளித்துணி கொப்பளிக்கும்.

நிறத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ராணி பிங்க், கிளிப்பச்சை, மின்னும் ஊதா இவையெல்லாம் 1856க்குப் பிறகு வந்த ரசாயனச் சாயங்கள் கொடுத்தவை. அவுரி நீலம், சாயவேரின் செம்மை, மஞ்சிட்டிச் சிவப்பு, மஞ்சள், கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கருமை, வெளுக்காத பருத்தியின் தந்த நிறம்: இவை போதும், மேடையும் கண்ணை உறுத்தாது. ஓவியத்திலுள்ளதுபோல் குறுக்குக் கோடுகளும் கோடுகளுக்கு நடுவே சிறு பூக்களும் மரக்கட்டை அச்சில் எளிதாக வரும். மாங்காய்ப் புட்டா வேண்டாம். பட்டு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். உத்தம சோழன் காலச் செப்பேடு காஞ்சிபுரத்துப் பட்டசாலியர் என்ற நெசவாளரைப் பேசுகிறது, பொன்னிழையும் நாடு அறியாததல்ல. ஆனால் இன்று முகூர்த்தப் புடவை என்று நாம் வாங்கும் வேறு நிறக் கரை, கனத்த சரிகை முந்தி கொண்ட புடவையை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோவதற்குச் சிற்பத்திலோ ஓவியத்திலோ ஆதாரம் காணோம்.

மேல் துண்டு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது: இரண்டரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம். கச்சோடு நிற்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு இது துணை. இரண்டு தோளிலும் போட்டு முனைகளை முன்னே விடலாம். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கே கொண்டுபோகலாம். கீழாடையின் அதே துணியில் அதே கரையோடு வெட்டினால் அது முந்தானைபோல் தோன்றி, மறுபடியும் புடவைக்கே வந்துவிடுவோம். வேறு நிறம், வேறு அச்சு எடுங்கள். அப்போதுதான் இரண்டு தனித் துணிகள் என்பது கடைசி வரிசை வரை தெரியும்.

நகையில் கல்வெட்டுகள் மிக வளமானவை. பெரிய கோயிலுக்கு இராசராசனும் அக்கன் குந்தவையும் கொடுத்த நகைகள் கல்லில் பெயரும் எடையுமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், மணிகள் பதித்தவற்றைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். தோடு, வாளி, காறை, ஏகாவல்லி, தாலி, பட்டிகை, சூடகம், பாடகம், கால்மோதிரம் என்று பட்டியல் நீளுகிறது. முத்து அள்ளி அள்ளிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூக்குக்கு ஒன்றும் இல்லை. திருப்பாவையின் 27ஆம் பாட்டு சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் என்று எண்ணிக்கொண்டு போகும்போதும் மூக்கு வரவில்லை. சோழர் சிற்பத்துப் பெண்களும் மூக்கில் அணியவில்லை. மூக்குத்தியைக் கழற்றச் சங்கடப்படும் மாணவிக்கு அதன்மேல் உடல்நிறப் பசை நாடா ஒரு சிறு வட்டம் ஒட்டினால் போதும், கழற்றச் சொல்லாதீர்கள்.

வாடகைக்கு வரும் 'டெம்பிள் செட்' பரதநாட்டியத்துக்கு உரியது. அதிலுள்ள பட்டை தீட்டிய கற்களும் அமெரிக்கன் டயமண்டும் விளக்கில் சிதறி மின்னும். அன்று கற்களை உருட்டி மழமழப்பாக்கிப் பதித்தார்கள். வழவழப்பான கண்ணாடி மணியும் பாசியும் பொய்முத்தும் அதற்கு அருகில் வரும். 3 மி.மீ. ஈவா ஃபோமை வெட்டி, முதலில் பசை பூசிக் காயவைத்து, அதன்மேல் மங்கலான பொன்னிறம் அடித்து, குழிகளில் பழுப்பைத் துடைத்துவிட்டால் பழம்பொன் தோற்றம் கிடைக்கும், எடையும் இல்லை. பசை பூசாமல் நேரே வண்ணம் அடித்தால் ஃபோம் அதை உறிஞ்சித் திட்டுத்திட்டாகும். காதில் பெரிய குழை தொங்கவிட வேண்டியிருப்பதால் எடை முக்கியம். இன்றைய காதுத் துளையில் கனத்தைத் தொங்கவிடக் கூடாது. காதின் பின்னால் சுற்றிவரும் மெல்லிய கம்பியில் மாட்டி, கம்பியைக் கூந்தலுக்குள் மறைத்துவிடுங்கள்.

தலைக்குக் கொண்டைதான்; சடைநாகமும் ராக்கொடியும் வேண்டாம். சவுரியை வளையமாகத் திரித்து, சொந்த முடியை அதன்மேல் சுற்றி, பின்னாலோ சற்றுப் பக்கவாட்டிலோ உட்காரவைக்கலாம். 1950களில் வார இதழ்த் தொடர்கதைக்காக வரைந்த ஓவியங்களிலிருந்து வந்த உச்சிக் கொண்டை பலருக்கும் பிடித்தமானது, அழகானதும்கூட. ஆனால் அது ஓவியரின் கற்பனை. மல்லிகை, முல்லை, செண்பகம், தாழம்பூ, தாமரை வையுங்கள். செண்டுமல்லியோடு நிலச்சம்பங்கியையும் தவிருங்கள், அதுவும் மெக்சிக்கோவிலிருந்து வந்தது.

எல்லாரையும் அரசியாக்கிவிடுவது இன்னொரு பிழை. தஞ்சைக் கல்வெட்டில் கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள் வந்த ஊரோடு இருக்கின்றன. அவர்களையும், நெல் குத்துகிறவரையும், பால் கொண்டுவருகிறவரையும் ஒரே நகைக் குவியலில் காட்டினால் அந்தச் சமூகமே மறைந்துபோகிறது. உழைக்கும் பெண்ணுக்குக் கெண்டைக்கால் அளவில் கோராத் துணி, அகலக் கச்சு, ஒரு பாசிச் சரம், பனையோலைத் தோடு போதும். செலவும் பாதியாகும்.

'மத்தியகால இந்தியப் பெண் உடை' என்று ஒரே உடையைக் காட்டும் கண்காட்சிகளைப் பற்றியும் ஒரு சொல். 1030ஐ ஒட்டி வடஇந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பெரூனி, பெண்கள் தோளிலிருந்து இடை வரை வரும் கைவைத்த குட்டைச் சட்டை அணிவதைக் குறித்திருக்கிறார். அதே காலத்தில் தஞ்சையில் தைக்காத துணி. குசராத்தின் 14, 15ஆம் நூற்றாண்டுச் சமண ஓலை, தாள் ஓவியங்களில் சோளி என்னும் ரவிக்கை தெளிவாக இருக்கிறது. விசயநகரத்து அச்சுதராயர் காலத்தை ஒட்டிய, ஆந்திரத்து லேபாட்சிக் கோயிலின் விதான (கூரை) ஓவியத்தில் சோளி அணிந்து புடவைத் தலைப்பைத் தோளில் போட்ட பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாம் இன்று 'சோழர் உடை' என்று மேடையேற்றுவது பெரும்பாலும் அந்த லேபாட்சிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. இராசராசனுக்கும் அதற்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள். ரவிக்கையும் புடவையுமாகத்தான் மேடையேற வேண்டும் என்று பள்ளி முடிவெடுத்தால், நாடகத்தையே விசயநகர காலத்துக்குத் தேர்ந்துகொள்வது நேர்மையான வழி.

உடை தயாரானதும் அணிந்த பெண் கையை உயர்த்தட்டும், சம்மணமிட்டு உட்கார்ந்து எழட்டும், குனிந்து பூத்தட்டை எடுக்கட்டும். மூன்றிலும் ஒருமுறைகூட அவள் கை துணியை இழுத்துவிடப் போகக் கூடாது. போனால் உடை தோற்றது, பெண்ணல்ல. இதை மேடை விளக்குகள் எரியும்போது, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே செய்து பாருங்கள். உடை மாற்றும் அறையில் பெண் ஆசிரியர்கள் மட்டும் இருக்கட்டும். கைப்பேசி வெளியே இருக்கட்டும். எந்தப் பெண்ணாவது இந்த உடை வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் மேல் துண்டைக் கூட்டுங்கள், இல்லையேல் வேறு பாத்திரம் கொடுங்கள்.

நிகழ்ச்சி நிரல் தாளில் இரண்டு வரி அச்சிடும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இப்படி இருக்கலாம்: "கீழாடை, நகை, கொண்டை ஆகியன தஞ்சை, கும்பகோணம், தாராசுரம் சிற்ப ஓவியங்களைப் பார்த்து அமைத்தவை. கச்சு அகலப்படுத்தப்பட்டது, உள்சட்டையும் மேல் துண்டும் இன்றைய மேடைக்காகச் சேர்த்தவை." மாணவிகளைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கோ ஒருமுறை அழைத்துப்போய், அங்கே பார்த்ததை அவர்களே வரைந்து உடைக்குக் குறிப்பு எழுதச் சொன்னால் இன்னும் நன்று.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த ஆண்டு சதய விழாப் படங்களுக்கு அடியில் 'சோழர் கால உடையில்' என்பதற்குப் பதிலாகச் 'சோழர் கால நாடகத்தில்' என்று போடுங்கள். உடையின் ஆதாரத்தைப் பள்ளி தெரிவித்திருந்தால் அந்த வரியையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாடக உடை அமைப்பிலும் கல்வெட்டு, சிற்ப ஆய்விலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
தஞ்சாவூர்.